நான்கடிக்கு இரண்டடி

எங்கள் வீட்டு உள்ளறையின் சீமெந்துத் தரையில் ஒரு சோக்குக் கோடு இன்னும் மங்கலாகத் தெரியும். நீளம் நான்கு அடி, அகலம் இரண்டு அடி. எத்தனை தடவை கழுவினாலும் ஒரு மூலை மட்டும் போகவில்லை. சென்ற வருடம் ஆகஸ்ட் விடுமுறையில் நான் அதைக் கீறினேன். தம்பி அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டான். உம்மும்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் இருக்கும் சாச்சி போனுக்குள் இருந்து, "இன்னும் கொஞ்சம் நீட்டுங்க புள்ள, அது காணாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனையும் தலைக்கு ஒரு கிலோகூட வராத இரண்டு சின்ன உயிர்களுக்காக.

முருங்கன் சந்தியிலிருந்து உள்ளே வரும் எங்கள் ஒழுங்கையில், இரண்டு வீடு தள்ளி ஓர் அரச உத்தியோகத்தரின் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவருக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தது. போகும் இடத்தில் மாடி வீடாம், மிருகம் எதுவும் வைக்கக் கூடாதாம். அவர்களுடைய மகன் தம்பியின் வகுப்பு. அவன் வளர்த்த இரண்டு கினிப்பன்றிகளை என்ன செய்வது என்று தெரியாமல், "நீ எடுக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறான். தம்பி அன்றைக்கே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தான்.

நான் போய்ப் பார்த்தேன். லவ் பேர்ட்ஸ் வளர்க்க வாங்கிய கம்பிக் கூடு அது. ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம் இருக்கும். தரையும் கம்பிதான். மண்ணிறமும் வெள்ளையுமாக ஒன்று, முழுக் கறுப்பாக ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தன. திரும்புவதென்றால் ஒன்றன் மேல் ஒன்று ஏறித்தான் திரும்ப வேண்டும். அந்தப் பையன் அவற்றில் அன்பில்லாதவன் அல்லன். இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தான், தினமும் கரட் கொடுத்தான், பிரிய வேண்டுமென்று அழுதான். ஆனால் கூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

வீட்டில் முதல் தடை பெயரால் வந்தது. "பண்டியா? இந்த வாசலுக்குள்ளயா?" என்று உம்மும்மா எழுந்தே விட்டார். நான் உயிரியல் படிக்கிற பிள்ளை என்பதற்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது. இது பன்றிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல, எலியையும் அணிலையும் போலக் கொறித்துத் தின்னும் விலங்கு, முழுக்க முழுக்கப் புல்லும் இலையும் தின்பது என்று விளங்கப்படுத்தினேன். கினி என்ற ஆபிரிக்க நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பழக்கி வளர்த்த விலங்கு இது. பெயரில் உள்ள இரண்டு சொல்லுமே பிழை. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் ஒரு பெயர் உண்டு என்றேன். "அப்ப சீமையெலி எண்டு சொல்லுங்க. மத்தப் பேரை என்ட காதுல போடாதீங்க" என்று உம்மும்மா தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் அவை சீமையெலிகள்.

வாப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சாச்சிக்கிட்டக் கேளுங்க. அவதான் எலி வளர்த்து அனுபவம் உள்ள ஆள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையால்தான் எல்லாம் மாறியது.

சாச்சி இரண்டு வருடங்களுக்கு முன் தன் மகளுக்காகச் சீமையெலி எடுத்தவர். கடையில் வாங்காமல், கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு மீட்பகத்தில் கேட்டிருக்கிறார். சும்மா தருவார்கள், தூக்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்துப் போனவருக்கு ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டின் நீளம் அகலம் என்ன? வீட்டுக்குள்ளா, வெளியிலா? எத்தனை விலங்குகள் கேட்கிறீர்கள்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் இருக்கிறதா? பூனை, நாய் உண்டா? விடுமுறைக்குப் போனால் யார் பார்ப்பார்? எந்த மிருக வைத்தியரிடம் காட்டுவீர்கள்? கடைசியில், கூட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றும் இருந்ததாம்.

சாச்சி மூன்றடி நீளக் கூடொன்றைக் காசு கொடுத்து வாங்கி, படமும் அனுப்பினார். போதாது என்று பதில் வந்தது. ஒரு சோடிக்குக் குறைந்தது நான்கடிக்கு இரண்டடித் தரை வேண்டும், அதற்குக் குறைந்தால் தர மாட்டோம் என்று எழுதியிருந்தார்களாம். "எனக்கு வந்த கோவம்! ரெண்டு புள்ளையைப் பெத்து வளர்த்த மனுசி நான், ஒரு எலியை வளர்க்க எனக்குத் தெரியாதா எண்டு கேக்க நினைச்சன். கோவம் ஆற ரெண்டு நாள் ஆச்சு. மூணாம் நாள் டேப்பை எடுத்து வீட்டை அளந்தன்" என்றார் சாச்சி.

மீட்பகம் என்றால் என்ன என்று தம்பி கேட்டான். மன்னார்க் கழுதைகளைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். தீவுக்குள் போகும்போதெல்லாம் அவன் அவற்றைக் கண்டிருக்கிறான். அரபு வணிகர்கள் பொதி சுமக்கக் கொண்டுவந்த கழுதைகளின் வழிவந்தவை என்று சொல்வார்கள். பொதி சுமக்கும் வேலை போன பிறகு உரிமையாளர் இல்லாமல் வீதியில் நிற்கின்றன. குப்பையில் பொலித்தீனைத் தின்கின்றன, இரவில் வாகனங்களில் அடிபடுகின்றன. அவற்றுக்காக மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா என்ற நிறுவனம் ஒரு கழுதைச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தியது. "அது மாதிரி லண்டனில் எலிகளுக்கும் முயல்களுக்கும் இடம் இருக்கு. சுகப்படுத்தி, நல்ல வீடு பார்த்துக் குடுப்பாங்க" என்றேன். "நல்ல வீடு எண்டு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அதைத்தான் அந்தப் படிவம் கேட்கிறது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

சாச்சி சொன்ன இன்னொரு செய்தியும் எனக்குப் புதிது. பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒரு விலங்கை வைத்திருப்பவர் அதன் ஐந்து தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. தகுந்த இடம், தகுந்த உணவு, தன் இயல்பின்படி நடந்துகொள்ளும் வாய்ப்பு, இயல்புக்கேற்பத் துணையோடோ தனித்தோ இருப்பது, நோவிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு. சுவிற்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், சீமையெலியைத் தனியாக வளர்ப்பதையே சட்டம் அனுமதிப்பதில்லை. கூட்டமாக வாழும் விலங்கு அது, துணை இல்லாமல் வாடிவிடும். அங்கே ஒன்று இறந்துபோனால், மிஞ்சிய மற்றதற்குத் துணையாக ஒன்றை இரவல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் வதை செய்யாதே என்பது ஒன்று, இவ்வளவு இடம் கொடு என்பது வேறொன்று.

இதையெல்லாம் வீடியோ கோலில் கேட்டுக்கொண்டிருந்த உம்மும்மா சத்தமாகச் சிரித்தார். "என்ன புள்ள சொல்றா அவ? எலிக்கு வீடு பார்க்கிறாங்களாமா?"

"படம் அனுப்பச் சொன்னாங்களாம் உம்மா" என்றார் எங்கள் உம்மா.

உம்மும்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது. "எங்களுக்கு ஒருத்தரும் கேக்கல்லயே" என்றார். பிறகு, யாரும் கேளாமலே, "பன்னிரண்டுக்குப் பத்து. எட்டுப் பேர்" என்றார்.

1990 அக்டோபர் கடைசியில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையை இந்தக் கல்லூரியில் எந்தப் பிள்ளைக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நம் எல்லோர் வீட்டிலும் அந்தக் கதை உண்டு. எங்கள் வீட்டுக் கதையில் இருபது வருடம் புத்தளத்தில் ஒரு முகாம். கிடுகுக் கூரை, கிடுகுச் சுவர், மண் தரை. உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. காலை நீட்டிப் படுக்க ஆளுக்காள் முறை வைத்ததையும், மழை வந்தால் எல்லோரும் ஒரு பக்கத்துக்கு நகர்ந்ததையும் சொல்வார். ஆனால் குடிசையின் அளவை உம்மும்மா அடியில் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த அளவு அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ படிவங்களை உம்மும்மா நிரப்பியிருக்கிறார், அல்லது மற்றவர் நிரப்பக் கைநாட்டு வைத்திருக்கிறார். நிவாரணத்துக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, காணிக்கு ஒன்று, மீள்குடியேற்றத்துக்கு ஒன்று. நாங்கள் இன்று இருக்கும் வீடு, 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் கட்டத்தில் கட்டியது. வீட்டுக்கு 550,000 ரூபாய் உதவி, தரைப்பரப்பு 550 சதுர அடி. அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டங்கட்டமாகக் காசு வந்தது. அந்த வீடு எழும்பியபோது உம்மும்மா ஒவ்வொரு அறையையும் காலால் அளந்து பார்த்தாராம். அப்போது நான் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவள்.

அன்று இரவு படுத்திருந்து யோசித்தேன். நம் பெரியவர்கள் நிரப்பிய படிவங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்டவை: இதைப் பெற உனக்குத் தகுதி இருக்கிறதா? சாச்சி நிரப்பிய படிவம் கேட்டது வேறு. வந்து இருக்கப்போகிறவருக்கு இது காணுமா என்று அது கேட்டது. சாச்சிக்குக் கோபம் வந்ததற்கும் உம்மும்மாவுக்கு மனம் வலித்ததற்கும் காரணம் அந்த வித்தியாசம்தான் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் சாச்சியின் படிவத்தை ஒரு சி.ஆர். கொப்பியில் தமிழில் எழுதினேன். முருங்கனில் மீட்பகம் இல்லை. எங்களைச் சோதிக்க யாரும் வரப்போவதில்லை. ஆகவே நாங்களே எங்களைச் சோதிப்போம் என்று தம்பியிடம் சொன்னேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சரியென்றால் எடுப்போம், இல்லையென்றால் வேறு நல்ல வீடு தேடிக் கொடுப்போம். அவன் முகம் சுருங்கியது. ஆனால் சம்மதித்தான்.

முதல் கேள்வியிலேயே இடறினோம். அது இடத்தைப் பற்றியது அல்ல, சூட்டைப் பற்றியது. லண்டன் படிவத்தில் குளிரிலிருந்து எப்படிப் பாதுகாப்பீர்கள் என்று இருந்தது. எங்களுக்கு அதன் மறுபக்கம்தான் கேள்வி. மலைநாட்டு விலங்கு இது. 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரைதான் இதற்குச் சுகம். வியர்க்காது. 30 பாகை தாண்டினால் சூடேறி இறந்தும் போகலாம். சோளகக் காற்று அனல் வாரி வீசும் ஆகஸ்டில் முருங்கனில் 24 பாகைக்கு எங்கே போவது?

நானாட்டானுக்கு வேலையாகப் போன வாப்பா, தனக்குத் தெரிந்த ஒரு கால்நடை வைத்தியரிடம் விசாரித்து வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவை என்பதால் கொஞ்சம் பழகியிருக்கும், ஆனாலும் தகரத்துக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள், வீட்டில் எந்த இடம் குளிர்ச்சி என்று பார்த்து அங்கே வையுங்கள் என்றாராம். நான் ஒரு சுவர் வெப்பமானியை வாங்கி, ஐந்து நாள் பகல் இரண்டு மணிக்கு ஒவ்வோர் இடத்திலும் அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தேன். தகரம் போட்ட பின் விறாந்தையில் 36. நாங்கள் முதலில் கூடு வைக்க நினைத்தது அங்கேதான். முன் மண்டபத்தில் 32. வேப்பமரம் நிழல் தரும் பக்கம், ஓட்டுக் கூரைக்குக் கீழே, இரு பக்கமும் யன்னல் உள்ள உள்ளறையில் 29. அது உம்மும்மாவின் அறை.

அந்த அறையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயதான மனுசி. வாழ்க்கையில் தனக்கென்று ஓர் அறை கிடைக்கவே அறுபது வயதானது அவருக்கு. தம்பியிடம், "இடம் இல்லை, விட்டிருவோம்" என்று மெதுவாகச் சொன்னேன். கொப்பியில் முதல் கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதினேன்.

கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று உம்மும்மா கேட்டார். ஒவ்வொன்றாக வாசித்தேன். இடம், சூடு, துணை, புல், வைத்தியர். கடைசிக் கேள்வி வந்தது: "உங்களால் தொடர்ந்து வைத்திருக்க முடியாமல் போனால், வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தால், இவற்றை யாரிடம் ஒப்படைப்பீர்கள்?" மீட்பகத்தின் படிவத்தில் இதற்கு, எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு.

"அதைத் திரும்ப வாசி" என்றார். வாசித்தேன்.

"போகச் சொன்ன அண்டைக்கு எங்கட வளவுல ஆறு ஆடு நிண்டது. ஆறையும் அவிழ்த்து விட்டன். கயித்தைக் கழட்டி எறிஞ்சன். அது நல்லா ஞாபகம் இருக்கு. கோழிக்கூட்டைத் திறந்தனா இல்லையா எண்டு மட்டும் ஞாபகம் இல்ல புள்ள. இண்டைக்கு வரைக்கும் இல்ல."

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை நிறுத்தினார். அவருக்கும் இது புதிது. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு கோழிக்கூட்டின் கதவு உம்மும்மாவின் மனதில் திறந்ததாகவும் இல்லாமல் பூட்டியதாகவும் இல்லாமல் நின்றிருக்கிறது.

"பூனையைக் கட்டி வச்ச பொம்பளையின்ட ஹதீஸ் உங்களுக்குப் படிச்சுத் தந்திருப்பாங்க" என்றார் பிறகு. எங்களுக்குத் தெரியும். தானும் தீனி போடவில்லை, அதுவாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காகவே தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய செய்தி. "ஆடு மாட்டை அவிழ்த்து விட்டா அது தன்ட வயித்தைப் பார்த்துக்கொள்ளும். கூட்டுல வச்சா எல்லாம் நம்மட பொறுப்பு. அதான் அவங்க அளந்து கேக்கிறாங்க. கேக்கத்தான் வேணும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், கட்டிலின் காலடியைக் காட்டி, "இந்த மூலையை அளந்து பாருங்க" என்றார்.

அப்படித்தான் அந்தச் சோக்குக் கோடு வந்தது. உம்மும்மா இரண்டு நிபந்தனைகள் போட்டார். அறைக்குள் வாடை வரக் கூடாது. தொழுகைப் பாய் இனி முன் மண்டபத்தில் இருக்கும், அந்தப் பக்கம் எலியைத் தூக்கிக்கொண்டு யாரும் வரக் கூடாது. இரண்டுக்கும் சம்மதித்தோம்.

கூடு கட்ட இரண்டு நாள் ஆனது. வாப்பா பழைய கட்டில் பலகைகளை அறுத்து, நான்கடிக்கு இரண்டடியாகச் சட்டம் அடித்தார். உயரம் ஒன்றரை அடி. இவை ஏறுகிற விலங்கு அல்ல, ஓடுகிற விலங்கு, ஆகவே மாடி கட்டுவதைவிடத் தரையை அகலமாக்குவதே நல்லது. சாரைப்பாம்பும் கீரியும் வரும் வளவு என்பதால், சின்னக் கண்ணுள்ள கம்பி வலையால் மேலே மூடி போட்டார். தரையில் கம்பி இல்லை. கம்பியில் நடந்தால் பாதம் புண்ணாகிவிடும். தடித்த தாளும் அதன் மேல் மரத்தூளும் போட்டோம். ஒளிந்துகொள்ள ஓர் அறை போதாது, இரண்டு வேண்டும். பயந்தது ஒன்று உள்ளே போனால் மற்றதற்கும் இடம் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு பழைய மண்பானைகளின் வாயைப் பெரிதாக உடைத்து, ஓரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தோம். மண்பானைக்குள் குளிர்ச்சி தானாக வரும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் களிமண் கொடுத்த ஊர் எங்களுடையது. மண்ணின் குணம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நண்பகலில் ஈரச் சாக்கொன்றை யன்னலில் தொங்கவிடுவது தம்பியின் வேலை.

தீனிதான் இலேசாக இருந்தது. இவற்றின் பல் நிற்காமல் வளரும், அதைத் தேய்க்கப் புல் எப்போதும் வாயில் இருக்க வேண்டும். வைக்கோல் கொடுக்கலாம் என்று நினைத்தோம், ஆனால் அதில் சத்துக் குறைவு. கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால் ஓரம் கினிப்புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. அது உண்மையிலேயே ஆபிரிக்காவிலிருந்து வந்த புல். மருந்து அடித்த வயல் வரம்பில் மட்டும் அறுக்கக் கூடாது என்று தம்பிக்குச் சட்டம் போட்டேன். மனிதரைப் போலவே இவற்றின் உடலும் உயிர்ச்சத்து சி-யைத் தானாக ஆக்காது, ஒவ்வொரு நாளும் உணவில் கிடைக்க வேண்டும். அதற்குக் கொய்யாத் துண்டும் கறிமிளகாயும். அந்தப் பையன் அன்பாகக் கொடுத்த கரட்டில் சர்க்கரைதான் அதிகம்.

லொறி வந்து அந்தக் குடும்பம் புறப்பட்ட அன்று இரண்டையும் எடுத்து வந்தோம். கால்நடை வைத்தியரிடம் காட்டினோம். கறுப்பியின் பாதத்தில் கம்பி வெட்டிய புண்ணுக்கு மருந்து தந்தார். "ரெண்டும் பெட்டை. தப்பிட்டீங்க. ஆணும் பெண்ணும் எண்டா பத்துக் கிழமைக்கொரு தரம் புதுக்கூடு கட்ட வேண்டி வந்திருக்கும்" என்று சிரித்தார்.

மூன்று நாள் பானைக்குள் இருந்து வெளியே வரவே இல்லை. தம்பிக்கு அழுகை வந்தது. நான்காம் நாள் சுபஹுக்கு எழும்பிய உம்மும்மா என்னைத் தட்டி எழுப்பினார். யன்னல் வெளிச்சத்தில் இரண்டும் கூட்டின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஓடிக்கொண்டிருந்தன. ஓடிப் போய்த் திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளின. பொரிச் சட்டியில் சோளம் துள்ளுவது போல. சந்தோசம் வந்தால் இவை அப்படித்தான் துள்ளுமாம். ஒன்றரை அடிக் கூட்டில் துள்ள வழியே இல்லை. அந்தப் பையன் இரண்டு வருடம் வளர்த்தும் ஒரு நாளும் இதைக் கண்டிருக்க மாட்டான். அதை நினைக்க எனக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. தம்பி எடுத்த வீடியோவை அவனுக்கு அனுப்பினோம்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று பெருமைப்பட்டால் பொய்யாகும். ஐந்தாம் கிழமை ஒரு சனிக்கிழமை காலை, கூட்டைக் கழுவுவதற்காக இரண்டையும் வேப்பமரத்தடியில் வலைக்குள் விட்டேன். நல்ல நிழல். பக்கத்தில் இருந்து இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி வந்தாள், பேசப் பேச உள்ளே போய்விட்டேன். பத்து மணிக்கு நிழலாக இருந்த இடம் பன்னிரண்டு மணிக்கு வெயில். ஓடி வந்து பார்த்தபோது மண்ணிறக்காரி பக்கவாட்டில் நீட்டிக்கிடந்தாள். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காது நெருப்பாகச் சுட்டது. ஈரத் துணியால் சுற்றி, வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தாள். மறுநாள் மாலையில் தான் புல்லைத் தொட்டாள். அந்த ஒரு பகல் முழுதும் எனக்கு உம்மும்மாவின் கோழிக்கூடு ஞாபகமாகவே இருந்தது. உம்மும்மா என்னை ஏசவில்லை. "மரம் நிண்ட இடத்துலதான் நிக்கும் புள்ள, நிழல் நிக்காது" என்று மட்டும் சொன்னார். கொப்பியில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: வெளியே விட்டால் ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கொப்பி இப்போது எங்கள் வகுப்பில் கொஞ்சம் பிரபலம். எனக்கும் ஒரு சோடி வேண்டும், எங்கே வாங்கலாம் என்று கேட்கும் தோழிகளிடம் கடையைச் சொல்வதில்லை, கொப்பியைக் கொடுக்கிறேன். நான்கடிக்கு இரண்டடித் தரை எங்கே? பகல் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் எத்தனை பாகை? ஒன்றல்ல, இரண்டு வளர்க்க முடியுமா? புல் யார் அறுப்பார்? நோய் வந்தால் யாரிடம் போவாய்? ஐந்து, ஆறு, எட்டு வருடம்கூட வாழும் உயிர் இது, உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போனால் யார் பார்ப்பார்? கடைசியாக உம்மும்மாவின் கேள்வி: போக வேண்டி வந்தால் யாரிடம் விட்டுப் போவாய்? பெற்றோரும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை அழுகிறதே என்று கூட்டோடு ஒன்றை வாங்கிக் கொடுப்பதற்கு முன், ஓர் அளவு நாடாவைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அளந்து முடிக்கும்வரை அழுகை நிற்கும். ஆசை உண்மையென்றால் அதற்குப் பிறகும் இருக்கும்.

என் தோழி ஒருத்தி கொப்பியை ஒரு கிழமை வைத்திருந்தாள். திருப்பித் தரும்போது கொஞ்சம் வெட்கத்தோடு, "எங்கட வீட்டுல மூணடிதான் வருது. தகரக் கூரை வேற. இப்ப வேணாம்" என்றாள். அவள் குடும்பம் இன்னும் தற்காலிகக் கொட்டிலில்தான் இருக்கிறது, வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. இதை உம்மும்மாவிடம் சொன்னேன். "இல்லையெண்டு சொல்லத் தெரிஞ்ச புள்ள அது. வீடு எழும்பட்டும், அவதான் நல்லா வளர்ப்பா" என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் வாய்க்கால் ஓரத்துக் கினிப்புல் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும், உள்ளறையிலிருந்து இரண்டும் கீச்சிடத் தொடங்கிவிடும். உம்மும்மா கட்டிலில் இருந்தபடி, "வாங்க புள்ள, உங்கட ஆக்கள் காத்திருக்காங்க" என்று கூப்பிடுவார்.